வீட்டுக்குள் இருக்கும் நெல்

புதுக்குடித்தனம் போகிற பேரன் பேத்திகள் என்னிடம் வந்து, "அப்பத்தா, ஆபத்து அவசரத்துக்கு வீட்டில் என்னென்ன வாங்கி வைக்கணும்?" என்று கேட்கிறார்கள். 2020-க்கு முன்னால் இந்தக் கேள்வியை எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. அந்த வருஷம் மார்ச் 24 இரவு, நள்ளிரவிலிருந்து ஊரடங்கு என்று பிரதமர் அறிவித்தபோது, சென்னையிலும் பெங்களூரிலும் இருந்த நம் பிள்ளைகள் பலர் வீட்டில் மறுநாள் காலைக்குப் பால்கூட இல்லை. அதன் பிறகுதான் கேட்கத் தொடங்கினார்கள். கேட்ட கையோடு செல்போனில் ஒரு படத்தையும் காட்டுகிறார்கள். வெளிநாட்டுத் தகர டப்பா, உள்ளே உலர வைத்த சாப்பாடு, இருபத்தைந்து வருஷம் கெடாது என்று போட்டிருக்கிறது. இதை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டால் கவலையில்லையே என்று கேட்கிறார்கள்.

அதை வாங்காதீர்கள் என்பதுதான் என் பதில். வாங்கி வைத்து மறந்துவிடுகிற சாப்பாடு ஆபத்துக்கு உதவாது. நாம் தினமும் உண்பதையே ஒன்றிரண்டு மாதம் முன்கூட்டி வீட்டுக்குள் வைத்திருந்து, அதிலிருந்தே எடுத்துச் சமைத்து, எடுத்த இடத்தை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். செட்டிநாட்டு வீடுகள் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் நடந்தன. அதை ஏன் அத்தனை பிடிவாதமாகச் செய்தார்கள் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் பூமி வானம் பார்த்த பூமி. பெரிய ஆறு கிடையாது, காவிரித் தண்ணீர் கிடையாது. ஊருணியும் கண்மாயும்தான் கதி. செம்மண்ணும் சரளையுமான இந்த மண்ணில் விளைச்சல் கொஞ்சம். அதனால்தான் நம் ஆண்கள் கடல் கடந்து கொண்டுவிற்க, அதாவது வட்டிக்கடை வைத்துத் தொழில் செய்யப் போனார்கள். இலங்கை, மலேயா, எல்லாவற்றுக்கும் மேலாகப் பர்மா. 1930-களில் உலகம் முழுக்க விலை சரிந்தபோது, வாங்கிய கடனைத் திருப்ப முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் நம் வட்டிக்கடைக்காரர் கைக்கு வந்தது. 1930-இல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நூற்றுக்கு ஆறு பங்கு நிலம் நம்மவர்களிடம் இருந்தது. 1938-இல் அது நாலில் ஒரு பங்கு ஆகிவிட்டது. ஏறத்தாழ இருபத்தைந்து லட்சம் ஏக்கர். அது நியாயமான சொத்தா என்று பர்மியர் கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். இங்கே நான் சொல்ல வந்தது வேறு.

1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது. 1942 மார்ச் 8 அன்று ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். கிடைக்காத லட்சக்கணக்கானோர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் மலையும் காடும் நடந்து வந்தார்கள். வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை. ரங்கூன் விழுந்ததோடு பர்மா அரிசி வரத்தும் நின்றுபோனது. வருஷத்துக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த அரிசி அது. அடுத்த வருஷமே வங்காளத்தில் பஞ்சம். இருபது லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். பர்மா அரிசி நின்றது மட்டும் அதற்குக் காரணம் இல்லை. போர்க்கால அரசாங்கத்தின் முடிவுகளும், பதுக்கலும், விலையேற்றமும் சேர்ந்துதான் அத்தனை உயிரை வாங்கின. இங்கே சென்னை மாகாணத்தில் பங்கீடு வந்தது. 1952-இல் ராஜாஜி முதலமைச்சராகி அரிசிக் கட்டுப்பாட்டை எடுக்கும் வரை ஜனங்கள் அளந்து கொடுத்ததைத்தான் சாப்பிட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். இருபத்தைந்து லட்சம் ஏக்கர் நெல் நிலத்துக்குப் பத்திரம் இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. வீட்டில் கேழ்வரகுக் கூழ் காய்ச்சுகிறார்கள். என் அப்பத்தா அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்றுதான் சொல்வார்கள்: "நெல்லு வீட்டுக்குள்ள இருந்தாத்தான் நம்ம நெல்லு." நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அது கிழவியின் புலம்பலாகப் பட்டது. அறுபதுகளின் நடுவில் மழை பொய்த்து அரிசித் தட்டுப்பாடு வந்தபோதுதான் அர்த்தம் விளங்கியது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்ற வாக்குறுதி அத்தனை பேர் மனத்தில் ஏன் பதிந்தது என்று உங்களுக்குத் தெரியாது. அரிசிக்காக வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

இன்று உங்கள் பர்மா உங்கள் செல்போனுக்குள் இருக்கிறது. பத்து நிமிஷத்தில் வாசலுக்கு வருகிற அரிசியை நம்பிச் சமையலறையில் அலமாரியையே சிறியதாகக் கட்டிக்கொள்கிறீர்கள். அது வராத நாளும் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்து, புதுக்கோட்டையைப் புரட்டிப்போட்டுவிட்டு நம் சிவகங்கைப் பக்கமும் வந்தது. லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. கரண்ட் வர சில ஊர்களில் வாரக்கணக்காயிற்று. ஃபிரிட்ஜில் அடைத்து வைத்திருந்ததெல்லாம் இரண்டாம் நாளே நாறியது. மண் ஜாடியில் இருந்த புளிக்கும் பானையில் இருந்த மோர்மிளகாய்க்கும் ஒன்றும் ஆகவில்லை.

நம் பழைய வீடுகளின் ஏற்பாட்டைச் சொல்கிறேன். நடுவே முற்றம் வைத்த ஒரே வளவு வீட்டில் அண்ணன் தம்பி எல்லோரும் இருந்தாலும், கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி, அதாவது ஒரு தனிக் குடும்பம். ஒவ்வொரு புள்ளிக்கும் தனி அடுப்பு, சாமான் வைத்துப் பூட்ட ஓர் அறை. புருஷன் ரங்கூனிலோ பினாங்கிலோ மூன்று வருஷக் கணக்கில் இருப்பான். வருஷத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கொடுத்ததை வைத்துக்கொண்டு இருபது வயதுப் பெண் ஒரு வருஷத்தை ஓட்ட வேண்டும். பக்கத்து அடுப்பில் மாமியார் இருப்பார், பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் கணக்கு இவளுடையது. நம் பெண்கள் கணக்கில் கெட்டியாக இருந்ததற்கு இந்தப் பழக்கம்தான் காரணம். பெண்ணுக்குச் சீர் வைக்கும்போது பித்தளை அண்டாவும் மங்குச் சாமானும் பீங்கான் ஜாடியும் வரிசையாக அடுக்கியது பகட்டுக்கு என்றுதான் இன்று எல்லோரும் நினைக்கிறார்கள். பகட்டும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஜாடிகள் வருஷம் முழுக்க நிறைந்திருந்தன. இப்போது அவை காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் நிற்கின்றன. ஓட்டல் முகப்பில் அழகுக்கு வைக்க வாங்கிப் போகிறார்கள். வெறும் ஜாடியைப் பார்க்க எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

சரி, என்ன வைப்பது? அரிசியிலிருந்து தொடங்குகிறேன். புழுங்கல் அரிசி வையுங்கள். உமியோடு நெல்லை அவித்துக் காயவைப்பதால் மணி இறுகிவிடுகிறது, தவிட்டில் உள்ள சத்தில் ஒரு பங்கும் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பச்சரிசியை விடப் பூச்சி மெதுவாகத்தான் பிடிக்கும். கைக்குத்தல் அரிசி உடம்புக்கு நல்லதுதான். ஆனால் அதன் தவிட்டில் எண்ணெய் இருக்கிறது, சில மாதத்தில் சிக்கு வாடை வந்துவிடும். அதை மாதாமாதம் வாங்குங்கள், சேமிப்புக்கு வேண்டாம். கேழ்வரகு முழுசாகக் கொஞ்சம் வையுங்கள். பூச்சி அண்டாமல் பல வருஷம் கிடக்கிற தானியம் அது. பஞ்சத்தில் நம் ஜனங்களைக் காப்பாற்றியதும் அதுதான். சாமை, வரகு எல்லாம் தோலோடு இருந்தால் நாள்பட நிற்கும். தீட்டிப் பொட்டலம் போட்டு விற்பது சீக்கிரம் வண்டு பிடிக்கும். எதையும் வறுக்காமல் மாவாக அரைத்துச் சேமிக்காதீர்கள். கம்பு மாவு சில நாளிலேயே கசந்துபோகும்.

ஈரம்தான் முதல் எதிரி. அரிசியில் ஈரம் நூற்றுக்குப் பதினாலுக்கு மேல் இருந்தால் பூஞ்சை வரும் என்று தானியச் சேமிப்பு படித்தவர்கள் சொல்வார்கள். நம் பெண்களுக்குக் கருவி கிடையாது. ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்பார்கள். 'கடக்'கென்று உடைந்தால் சரி, நசுங்கினால் மறுபடி வெயிலுக்குப் போகும். தஞ்சாவூரில் இன்று பெரிய உணவுப் பதன ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே, அது முதலில் நெல் பதன ஆராய்ச்சி நிலையமாகத் தொடங்கியதும் டெல்டாவின் ஈர நெல்லை என்ன செய்வது என்ற கவலையில்தான். காரைக்குடி வெயிலை எல்லோரும் திட்டுகிறார்கள். பங்குனி, சித்திரையில் அந்த வெயில்தான் நமக்குச் செல்வம். வளவில் பாய் விரித்து, வருஷத்துக்கு வேண்டிய மிளகாய், மல்லி, புளி, பருப்பு எல்லாவற்றையும் காயவைத்து, சூடு ஆறிய பிறகு அடைப்பார்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துவிடும். இதை மறக்காதீர்கள்.

துவரம் பருப்பில் ஒரு கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் விட்டுப் பிசறிக் காயவைத்தால் வண்டு முட்டையிடாது. முழுத் துவரையாக வாங்குகிறவர்கள் செம்மண் கரைத்துப் பூசிக் காயவைப்பார்கள். இது நம் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் இருக்கிறது. புளியைக் கொட்டையும் நாரும் எடுத்து, கல்லுப்புப் போட்டு அழுத்தி, மண் பானையிலோ பீங்கானிலோ வையுங்கள். அலுமினியத்திலும் பித்தளையிலும் வைத்தால் புளிப்பு பாத்திரத்தை அரித்துவிடும். அரிசிக்குள் வேப்பிலையும் வசம்பும் காய்ந்த மிளகாயும் போடலாம். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒரு பூச்சிப் பொறி செய்திருக்கிறது. துளை போட்ட குழாய், அவ்வளவுதான். அரிசிக்குள் சொருகி வைத்தால் காற்றுத் தேடி அலைகிற வண்டு துளைக்குள் நுழைந்து அடியில் விழுந்து மாட்டிக்கொள்ளும். மருந்தே வேண்டாம். ஃபிளாட்டில் வெயில் இல்லாதவர்கள் ரவை, பருப்பு போன்றவற்றைச் சிறு பொட்டலமாகக் கட்டி ஃப்ரீசரில் நாலைந்து நாள் வைத்து எடுத்தால் முட்டை செத்துவிடும். எடுத்ததும் பிரிக்காமல், சாதாரணச் சூட்டுக்கு வந்த பிறகு துடைத்துவிட்டு டப்பாவில் போடுங்கள்.

ஒன்றை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். கிடங்குகளில் மூட்டைக்குப் போடுகிற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை யாராவது கொடுத்தால் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். காற்றில் உள்ள ஈரம் பட்டாலே அதிலிருந்து விஷவாயு கிளம்பும். பக்கத்து அறையில் தூங்குகிறவர்களைக் கொல்லும். குழந்தைகள் செத்திருக்கிறார்கள். போரிக் பவுடர் கலந்த அரிசியும் வேண்டாம்.

எவ்வளவு என்று கேட்பீர்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 300 கிராம் அரிசி என்று வைத்தால் நான்கு பேருக்கு மாதம் 36 கிலோ. பருப்பும் பயறும் 7 கிலோ, எண்ணெய் 4 லிட்டர், வேர்க்கடலை 6 கிலோ, வெல்லமோ கருப்பட்டியோ 3 கிலோ. இவ்வளவும் இருந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,900 கலோரி வந்துவிடும். ஒரு மாதம் யாரும் வாடாமல் இருக்கலாம். உப்பு எப்போதும் இரண்டு கிலோ கையிருப்பில் இருக்கட்டும். சின்ன வீடு, சம்பளம் குறைவு என்றால் பதினைந்து நாளுக்கு வையுங்கள், அதுவே பெரிய காரியம். ரேஷன் அட்டையை உயிரோடு வைத்திருங்கள். 2011-இலிருந்து இங்கே அரிசிக்கு விலை இல்லை. வசதியான வீட்டுப் பிள்ளைகள் அதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள். தேவை இல்லாதவர்கள் வாங்க வேண்டாம், ஆனால் கஷ்டப்படுகிறவர்கள் வரிசையில் நிற்பதைக் கேலி பேசாதீர்கள்.

அடுத்தது தீ. சாமான் இருந்து அடுப்பு எரியவில்லை என்றால்? அதனால் தீயே வேண்டாத சாப்பாடு மூன்று நாளுக்குத் தனியாக இருக்க வேண்டும். அவல், பொட்டுக்கடலை, வறுத்த வேர்க்கடலை, வெல்லம், வறுத்து அரைத்த சத்துமாவு. அவலைத் தண்ணீரில் நனைத்து வெல்லம் போட்டால் பெரியவர், சின்னவர் எல்லோருக்கும் ஆகாரம். கேஸ் சிலிண்டர் இரண்டாவது ஒன்று நிறைந்திருக்கட்டும். தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு நாளைக்கு நாலு லிட்டர். நான்கு பேருக்கு ஒரு வாரம் என்றால் 112 லிட்டர். நம் வீடுகளில் ஓட்டுச் சரிவில் இறங்குகிற மழையை வளவில் அண்டா வைத்துப் பிடித்தார்கள். நீங்கள் மூடியுள்ள டிரம் வையுங்கள்.

வத்தலைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. சுண்டை, மணத்தக்காளி, கொத்தவரை, கத்தரி, மாங்காய், மோர்மிளகாய். சித்திரையில் போட்டால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காய்கறி வண்டி வராத நாளுக்கு உதவும். நம் ஊர் மண்டி என்பதே இந்தக் கையிருப்பிலிருந்து பிறந்த சமையல்தான் என்று நான் நம்புகிறேன். அரிசி களைந்த கெட்டித் தண்ணீரைக் கீழே ஊற்றாமல், அதில் புளி கரைத்து, வத்தலும் ஊறவைத்த மொச்சையும் போட்டு, சின்ன வெங்காயம், பூண்டு வதக்கிக் கொதிக்க வைத்தால் கடைத்தெருவுக்கே போகாமல் ஒரு நல்ல குழம்பு. வீணாகப் போகிற தண்ணீரைக்கூடச் சத்தாக்கிய கை அது. உங்களுக்கு மண்டி வைக்கத் தெரிய வேண்டும். சமைக்கத் தெரியாத சாமானைச் சேமித்து என்ன பயன்? அந்தத் தகர டப்பா பிள்ளைக்குப் பிடிக்குமா என்றுகூடத் தெரியாது. ஆபத்து நேரத்தில் பழகாத சாப்பாட்டைக் குழந்தை வாயில் வாங்காது. வயசானவர்களுக்கு வயிறு ஒத்துக்கொள்ளாது.

டப்பாக்காரர்கள் சொல்கிற ஆயுள் கணக்கிலும் ஒரு விஷயம் இருக்கிறது. அமெரிக்காவில் மார்மன் சபைக்காரர்கள் வீட்டில் நீண்டகால உணவு வைப்பதைக் கடமையாகவே செய்கிறார்கள். காற்று நீக்கிச் சரியாக அடைத்த வெள்ளை அரிசி முப்பது வருஷம் நிற்கும் என்பது அவர்கள் அனுபவம். ஆனால் அது 24 டிகிரிக்குக் கீழே வைத்தால். காரைக்குடியில் மே மாதம் 40 டிகிரியைத் தொடுகிறது. பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது தோராயக் கணக்கு. மாடி அறையில், ஓட்டுக்கு அடியில் எதையும் வைக்காதீர்கள். வீட்டிலேயே குளிர்ந்த, இருட்டான கீழ்த்தள அறை எதுவோ அதுதான் சாமானுக்கு. இந்த வெயில் இல்லாத ஸ்வீடன் நாட்டில்கூட அரசாங்கமே வீடு வீடாக ஒரு கையேடு அனுப்பி, ஒரு வாரம் யார் உதவியும் இல்லாமல் சமாளிக்கப் பழகுங்கள் என்று சொல்கிறது. 2018-இல் அனுப்பினார்கள், 2024-இல் மறுபடியும் அனுப்பினார்கள். பணக்கார நாடு, குளிர்ந்த நாடு, அவர்களே இப்படி யோசிக்கிறார்கள்.

சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வீட்டில் ஊறுகாயும் வத்தலும் மட்டும் சேர்த்து வைத்தால் உப்பு ஏறிவிடும். அவர்களுக்குப் பயறு, கேழ்வரகு, கூடவே ஒரு மாத மருந்து. கைக்குழந்தை இருந்தால் அதற்கு வேண்டிய பால் மாவு. பூஞ்சை வாடை அடிக்கிற வேர்க்கடலையைக் கழுவிக் காயவைத்துச் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள், அந்த நஞ்சு வேகவைத்தாலும் போகாது. உப்பிய தகர டப்பாவையும் தூக்கி எறியுங்கள்.

இன்னொன்று. சேமிப்பு வேறு, பதுக்கல் வேறு. விலை மலிவாக, வரத்து நிறைவாக இருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது சேமிப்பு. புயல் செய்தி வந்த பிறகு ஓடிப்போய்க் கடையில் இருக்கிற அரிசி மூட்டையை எல்லாம் காரில் ஏற்றுவது அன்றாடக் கூலிக்காரன் வாயிலிருந்து பிடுங்குவது. வீட்டில் முன்பே இருப்பவனுக்கு அந்த ஓட்டம் தேவையில்லை. அதனால் மற்றவர்களுக்குக் கடையில் சாமான் மிஞ்சும்.

2023 டிசம்பரில் தாமிரபரணிப் பக்கம் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுவிட்டது. சுற்றிலும் வெள்ளம், உள்ளே நூற்றுக்கணக்கான பயணிகள், இரண்டு நாள் யாரும் நெருங்க முடியவில்லை. அவர்களுக்குச் சோறு போட்டது பக்கத்தில் இருந்த புதுக்குடிக் கிராமத்து ஜனங்கள். தங்கள் வீடுகளில் இருந்த அரிசியையும் பருப்பையும் எடுத்துச் சமைத்துப் போட்டார்கள். அந்த வீடுகளில் அன்று அரிசி இல்லாமல் இருந்திருந்தால் மனசு இருந்தும் கொடுத்திருக்க முடியாது.

ஆகவே பிள்ளைகளா, ஒரே நாளில் லாரியில் இறக்க வேண்டாம். இந்த மாதச் சம்பளம் வந்ததும் வழக்கமாக வாங்குவதோடு ஐந்து கிலோ புழுங்கல் அரிசி, ஒரு கிலோ துவரம் பருப்பு, ஒரு கிலோ அவல் கூடுதலாக வாங்குங்கள். ஒவ்வொரு டப்பாவிலும் வாங்கிய மாதத்தைச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள். பழையது முன்னால், புதியது பின்னால். அடுத்த மாதமும் அப்படியே செய்யுங்கள். பங்குனி பிறந்ததும் ஊருக்கு வாருங்கள், வளவில் வெயில் இருக்கிறது, வத்தல் போடக் கற்றுத் தருகிறேன்.